எல்லை தாண்டும் குப்பை மெயிலும், எல்லையில் நிற்கும் சட்டமும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா எல்லாருக்கும் புரியற மாதிரி பேசு" என்றார். இரண்டும் சேர்ந்து வருவது கஷ்டம். நான் இங்கே படித்தது எலக்ட்ரானிக்ஸ். பன்னிரண்டு வருஷமாகச் சோறு போடுவது மெயில் சர்வர். உலகத்தில் ஓடும் மெயிலில் ஏறக்குறைய பாதி குப்பை என்பது எங்கள் தொழிலில் சொல்லும் கணக்கு. ஆகவே என் சம்பளத்தில் பாதி அந்தக் குப்பையால் வருவது என்று என் மனைவி சொல்வாள். அதைப் பற்றியே பேசிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

'இது ஒரு விஷயமா? டிலீட் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். அல்லது, 'போலீஸில் பிடித்துப் போட வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். அந்த இரண்டாவது கேள்விதான் இன்றைக்கு என் விஷயம். நான் வக்கீல் இல்லை. ஆனால் வக்கீல்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைச் சர்வர் ரூமிலிருந்து பார்த்துக் கொண்டிருப்பவன்.

முதலில் சரித்திரத்தை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன். 1978ம் ஆண்டு மே 3ந் தேதி, அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்பெனியின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தியூர்க் என்பவர், அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்குத் தங்கள் புதுக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அர்ப்பாநெட் அமெரிக்க ராணுவத் துறையின் சொத்து. அங்கிருந்து ஒரு போன் வந்தது, கண்டித்தார்கள், விஷயம் முடிந்தது. சட்டம் தேவைப்படவில்லை, ஏனென்றால் வீட்டுக்கு ஒரே சொந்தக்காரர். 1994 ஏப்ரலில் அரிசோனாவில் ஒரு கணவன் மனைவி, கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறோம் என்று யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டியபோது, அந்த ஒரே சொந்தக்காரர் இல்லை. யாருக்குப் போன் செய்வது என்று தெரியவில்லை. அந்தக் கணவன் மனைவி இருவரும் வக்கீல்கள் என்பதை நம் சட்டக் கல்லூரி நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

சரி, ஒரு மெயில் எப்படி எல்லை தாண்டுகிறது? நமக்கெல்லாம் இன்லேண்ட் லெட்டர் ஞாபகம் இருக்கும். (தம்பிகளுக்கு இருக்காது. அப்பாவிடம் கேளுங்கள்.) அதன் பின்பக்கம் 'அனுப்புநர்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே நீங்கள் ஜனாதிபதி மாளிகை என்று எழுதினாலும் தபால்காரர் கேட்க மாட்டார். 1982ல் மெயிலுக்கு எழுதப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறையும் அதே போலத்தான். அனுப்புநர் முகவரியை யாரும் சரிபார்ப்பதில்லை. அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். பூட்டு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்தது பாட்நெட். குப்பை அனுப்புகிறவன் தன் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்புவதில்லை. வைரஸ் புகுந்த லட்சக்கணக்கான அடுத்தவர் கம்ப்யூட்டர்களிலிருந்து அனுப்புகிறான். 2012ன் தொடக்கத்தில் சோஃபோஸ் என்ற பாதுகாப்புக் கம்பெனி போட்ட பட்டியலில், உலகத்திலேயே அதிகக் குப்பை மெயில் கிளம்பும் நாடு என்று இந்தியா முதலிடம் பிடித்தது. நம்மவர்கள் எல்லாரும் வியாக்ரா விற்கக் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. திருட்டு விண்டோஸ் போட்ட பிரவுசிங் சென்டர்களும், அப்டேட் செய்யாத வீட்டுக் கம்ப்யூட்டர்களும் நம்மிடம் அத்தனை இருந்தன. கட்டளை ஒரு நாட்டில், அனுப்பும் கம்ப்யூட்டர் இன்னொரு நாட்டில், கடை நடக்கும் வெப்சைட் மூன்றாவது நாட்டில், பணம் போகும் பேங்க் நான்காவது நாட்டில், ஏமாறுகிறவர் ஐந்தாவது நாட்டில். குற்றம் எங்கே நடந்தது? எந்த ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடுவது? நம் ஊரில் பாலத்துக்கு இந்தப் பக்கம் நடந்ததா அந்தப் பக்கம் நடந்ததா என்றே இரண்டு ஸ்டேஷனும் தள்ளிவிடும்.

இதையெல்லாம் எவன் வாங்குகிறான் என்று கேட்கலாம். 2008ல் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் ஒரு பாட்நெட்டுக்குள் புகுந்து எண்ணிப் பார்த்தார்கள். 26 நாளில் சுமார் 35 கோடி மருந்து விளம்பர மெயில். அதில் வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். ஆனால் அனுப்பும் செலவு அடுத்தவன் கரெண்ட் பில்லில் போகிறது. 28 பேரே லாபம்தான்.

இப்போது ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சட்டம் எங்கே தோற்றது, எங்கே ஜெயித்தது என்பது இரண்டுமே இதில் இருக்கிறது. நம் நாடும் இதில் வருகிறது, பெருமைப்படும்படியாக இல்லை.

லான்ஸ் அட்கின்சன் என்று ஒரு நியூசிலாந்துக்காரர். உடம்பு இளைக்கும் பிளாஸ்திரி, இளமை திரும்பும் ஹார்மோன் போன்ற சரக்குகளைக் குப்பை மெயில் மூலம் விற்றார் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், சுருக்கமாக எஃப்.டி.சி., வழக்குப் போட்டது. 2005ல் அவர் மீதும் கூட்டாளி மீதும் 22 லட்சம் டாலருக்கு அமெரிக்கக் கோர்ட் தீர்ப்புக் கொடுத்தது. தீர்ப்பு அமெரிக்காவில், ஆள் நியூசிலாந்தில். அங்கே குப்பை மெயிலுக்கு அப்போது சட்டமே கிடையாது. தன் ஊரில் குற்றமே இல்லாத ஒன்றுக்கு எவன் பயப்படுவான்? ஒரு நாட்டுக் கோர்ட் விதித்த அபராதத்தை இன்னொரு நாட்டுக் கோர்ட் வசூல் செய்து கொடுப்பதும் சாதாரணமாக நடப்பதில்லை. நம் சிவில் நடைமுறைச் சட்டத்தையே பாருங்கள். 44ஏ பிரிவின்படி சில குறிப்பிட்ட நாடுகளின் பணத் தீர்ப்பை இங்கே நேரடியாக நிறைவேற்றலாம். அமெரிக்கா அந்த வரிசையில் இல்லை. இருக்கிற நாடுகளுக்கும் வரி, அபராதம் வகையறா கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது.

ஆகவே மனிதர் தொழிலைப் பெரிதாக்கினார். 'ஹெர்பல் கிங்' என்று ஒரு கூட்டம் உருவானது. 2007, 2008ல் உலகத்தின் நம்பர் ஒன் குப்பைக் கூட்டம் என்று ஸ்பேம்ஹவுஸ் அமைப்பு பட்டியல் போட்டது இதைத்தான். எஃப்.டி.சி.க்கு மட்டும் 30 லட்சத்துக்கும் மேல் புகார் மெயில்கள் போயின. வெப்சைட் சைனாவில். கார்டு பணம் வாங்குவது சைப்ரஸிலும், ஜார்ஜியா என்ற முன்னாள் சோவியத் நாட்டிலும். மெயில் அனுப்பியதில் ஒரு பகுதி மெகா-டி என்ற பாட்நெட். அது ஒரு நாளைக்கு 1000 கோடி மெயில் அனுப்பக் கூடியது என்று மதிப்பிட்டார்கள். அமெரிக்க லைசென்ஸ் உள்ள மருந்துக் கடை என்று போர்டு. கோர்ட்டில் எஃப்.டி.சி. கொடுத்த காகிதத்தில் மருந்து எங்கிருந்து பார்சல் ஆனது என்று எழுதியிருந்தது தெரியுமா? இந்தியாவிலிருந்து.

இப்போதுதான் திருப்பம். நியூசிலாந்து ஒரு சட்டம் இயற்றியது. கேட்காத மின் செய்திகள் பற்றிய சட்டம் என்று பெயர். 2007 செப்டம்பர் 5 முதல் அமல். மூன்று மாதம் கழித்து, அந்த டிசம்பரிலேயே, அதிகாரிகள் கிறைஸ்ட்சர்ச் நகரில் சோதனை போட்டார்கள். வழக்கில் அவர்கள் உலகத்துக் குப்பையை எல்லாம் எண்ணவில்லை. செப்டம்பர் 5 முதல் டிசம்பர் 31 வரை நியூசிலாந்துக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த 20 லட்சம் மெயில்களை மட்டும் எடுத்துக் கொண்டார்கள். சமுத்திரத்தில் ஒரு செம்பு. அது போதுமானதாக இருந்தது. 2008 டிசம்பரில் கிறைஸ்ட்சர்ச் உயர்நீதிமன்றம் அட்கின்சனுக்கு ஒரு லட்சம் நியூசிலாந்து டாலர் அபராதம் விதித்தது. அவர் தவறை ஒப்புக் கொண்டார். அதற்குள் அவர் குடியேறியிருந்தது ஆஸ்திரேலியாவில். அங்கேயும் 2003லேயே சட்டம் இருந்தது. 2009 டிசம்பரில் பிரிஸ்பேன் ஃபெடரல் கோர்ட் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஆஸ்திரேலிய டாலர் போட்டது. அமெரிக்கக் கோர்ட் தன் பங்குக்கு 2009ல் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு எழுதியது.

தொகையைப் பார்த்தால் அமெரிக்கத் தீர்ப்புதான் பெரிது. ஆனால் ஆளை வாய் திறக்க வைத்தது எந்தத் தீர்ப்பு? அவர் காலடி மண்ணின் சட்டம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2006ல் 'சேஃப் வெப்' என்று ஒரு சட்டம் வந்திருந்தது. விசாரணையில் கிடைத்த ஆவணங்களை வெளிநாட்டு அதிகாரிகளிடம் எஃப்.டி.சி. பகிர்ந்து கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. அதற்கு முன் இவர் மேஜையில் இருக்கும் ஃபைலை அவருக்குக் காட்டுவதற்கே கையைக் கட்டியிருந்தார்கள். இந்த வழக்கில் மூன்று நாட்டு அதிகாரிகளும் ஃபைலை மாற்றிக் கொண்டார்கள்.

நான் சொல்ல வந்த விஷயத்தின் ஆணிவேர் இதுதான். எல்லை தாண்டிக் கை நீட்டும் சட்டத்தால் பெரிய பிரயோசனம் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கதவைத் தட்டினால் திறக்க ஒருவர் வேண்டும். அவர் கையில் அவருடைய சொந்தச் சட்டம் இருக்க வேண்டும். வழக்கு நடத்திய மூன்று நாடுகளும் இதில் அதிகாரிகளாக வருகின்றன. இந்தியா வருவது பார்சல் கிளம்பிய ஊராக மட்டும்.

கதை அத்தோடு முடியவில்லை. விசாரணையில் தனக்காக மெயில் அனுப்பியவர்களில் பெரிய ஆள் 'டோசென்ட்' என்ற புனைபெயர்க்காரன் என்று அட்கின்சன் சொன்னார். இ-பாஸ்போர்ட்டே என்ற இணையப் பணக் கணக்கைப் பிடித்துக் கொண்டே போனால் மாஸ்கோ பக்கத்து இளைஞன், ஒலெக் நிகோலாயென்கோ, இருபத்து மூன்று வயது. சரி, போய்ப் பிடிக்க வேண்டியதுதானே? முடியாது. தன் குடிமகனை வெளிநாட்டிடம் ஒப்படைக்கக் கூடாது என்று ரஷ்ய அரசியல் சாசனமே சொல்கிறது. அவன் தானாக வந்து மாட்டினான். 2010 நவம்பரில் கார் கண்காட்சி பார்க்க லாஸ் வேகாஸ் வந்தபோது ஓட்டலில் கைது. 2013ல், சிறையில் ஏற்கெனவே கழித்த காலமே தண்டனை என்று விட்டுவிட்டார்கள். 2017ல் கெலிஹோஸ் என்ற இன்னொரு பாட்நெட்டின் சொந்தக்காரர் பீட்டர் லெவஷோவ், குடும்பத்தோடு ஸ்பெயினுக்கு விடுமுறை வந்தபோது பார்சிலோனாவில் கைதானார். ஆக, இவர்களைப் பிடித்தது சட்டமா, சுற்றுலாத் துறையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒரு நாட்டில் குற்றமாக இருப்பது இன்னொரு நாட்டில் வியாபாரமாக இருப்பது அடுத்த தலைவலி. ஐரோப்பாவில் 2002ம் வருஷத்து உத்தரவுப்படி, முன்கூட்டியே சம்மதம் வாங்கிய பிறகுதான் விளம்பர மெயில் அனுப்ப வேண்டும். 2014 முதல் கனடாவிலும் அப்படித்தான். அமெரிக்காவில் 2003 டிசம்பரில் கையெழுத்தான 'கேன்-ஸ்பேம்' சட்டம் தலைகீழ். சம்மதம் வேண்டாம். வேண்டாம் என்று சொன்னால் நிறுத்த வேண்டும், முகவரியைப் பொய்யாகப் போடக்கூடாது, அவ்வளவுதான். கலிபோர்னியா மாநிலம் கடுமையான சட்டம் ஒன்று போட்டு 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வர இருந்தது. மத்திய சட்டம் வந்து அதை அமுக்கிவிட்டது. 'யூ கேன் ஸ்பேம்' என்று அமெரிக்கர்களே கேலி செய்தார்கள். பாரிஸில் குற்றமாகும் மெயில் டெக்சாஸில் முறையான விளம்பரம் என்றால், பிரான்ஸ் அதிகாரி கேட்கும் உதவியை டெக்சாஸ் அதிகாரி எந்தச் சட்டத்தின் பேரில் செய்வார்?

நேரக் கணக்கைப் பாருங்கள், இது நம் பாஷை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் குற்ற வழக்குகளில் பரஸ்பர உதவி ஒப்பந்தம் 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒப்பந்த வழியில் ஒரு கோரிக்கை அமெரிக்காவில் நிறைவேறச் சராசரியாகப் பத்து மாதம் ஆகிறது என்று அந்நாட்டு அரசு அமைத்த குழுவே 2013ல் எழுதியது. நம் நாட்டில் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி சர்வர் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் பல இடங்களில் முப்பது நாள் வைத்திருந்தாலே பெரிய விஷயம், டிஸ்க் நிரம்பினால் முதலில் அழிவது லாக்தான். பத்து மாதம் கழித்து வரும் கடிதத்துக்கு ஆறு மாதத்தில் அழியும் லாக் எப்படிச் சாட்சி சொல்லும்? இதை ஒரு சப்ராக்‌ஷன் கணக்காக நம் முதலாண்டு மாணவர்களே போட்டுவிடுவார்கள்.

இடையில் ஒரு வேடிக்கை. சற்று முன் சொன்ன ஸ்பேம்ஹவுஸ், அப்போது லண்டனிலிருந்து இயங்கிய அமைப்பு. குப்பை அனுப்பும் முகவரிகளைப் பட்டியல் போடுவார்கள், உலகத்து மெயில் சர்வர்கள் அதைப் பார்த்துத் தடுக்கும். இல்லினாய்ஸில் ஒரு மார்க்கெட்டிங் கம்பெனி, எங்களை எப்படிப் பட்டியலில் போடலாம் என்று அமெரிக்கக் கோர்ட்டுக்குப் போனது. உங்கள் கோர்ட்டுக்கு எங்கள் மேல் அதிகாரமில்லை என்று ஸ்பேம்ஹவுஸ் ஒதுங்கிக் கொண்டது. 2006ல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு: ஒரு கோடியே பதினேழு லட்சம் டாலர்! வசூலுக்கு வழியில்லாததால், அவர்களுடைய டொமைன் பெயரையே முடக்கச் சொல்லிக் கேட்டார்கள். நீதிபதி மறுத்துவிட்டார். அப்பீல், திரும்ப விசாரணை என்று போய், 2010ல் தொகை 27,002 டாலர் ஆனது. 2011ல் மேல் கோர்ட் அதையும் குறைத்து மூன்று டாலர் என்றது. மூன்று லட்சம் இல்லை சார், மூன்றே டாலர். எல்லை என்பது திருடனுக்கு மட்டும் வேலி இல்லை. சில சமயம் காவல்காரனையும் அதுதான் காப்பாற்றுகிறது.

அப்படியானால் இந்தியாவில் ஒரு கடுமையான சட்டம் போட்டுவிடலாமே என்றால், போட்டுப் பார்த்தாகிவிட்டது. 2008ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தொல்லையோ அசௌகரியமோ தருவதற்காக, அல்லது எங்கிருந்து வந்தது என்று ஏமாற்றுவதற்காக மெயில் அனுப்பினால் மூன்று வருஷம் வரை ஜெயில். குப்பை மெயிலுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிய வாசகம். ஆனால் 'தொல்லை' என்றால் என்ன என்று எழுதவில்லை. நடந்தது என்ன? 2012ல் புதுச்சேரியில் ஓர் அரசியல் தலைவரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டவர் கைது. அதே வருஷம் மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக இரண்டு இளம்பெண்கள் கைது. 2015 மார்ச் 24ந் தேதி, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவை முழுதாக ரத்து செய்தது. சரியான தீர்ப்பு, எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதை ஒன்று உண்டு. வட கரோலினாவில் வீட்டிலிருந்து மெயில் அனுப்பிய ஜெரமி ஜேன்ஸ் என்பவருக்கு, மெயில் போய்ச் சேர்ந்த ஏ.ஓ.எல். சர்வர்கள் வர்ஜீனியாவில் இருந்ததால், வர்ஜீனியாக் கோர்ட் ஒன்பது வருஷம் சிறை விதித்தது. 2008ல் அம்மாநில உச்சநீதிமன்றம் சட்டத்தையே தள்ளுபடி செய்தது. பெயரை மறைத்து அரசியல் பேசுகிறவனையும் மதம் பேசுகிறவனையும் சேர்த்துப் பிடிக்கும்படி சட்டத்தை அகலமாக எழுதிவிட்டார்கள் என்பது காரணம். வலையை அகலமாகப் போட்டால் திமிங்கிலம் கிழித்துக் கொண்டு போய்விடுகிறது, மாட்டுவது அயிரை மீன்.

நம் நாட்டில் 66ஏ போன இடம், மெயிலைப் பொறுத்தவரை, இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. டிராய் 2010லும் 2018லும் போட்ட விதிகள் போன் காலுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும்தான், மெயிலுக்கு இல்லை. 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின, அமல் படிப்படியாக. உங்கள் முகவரியை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்குச் சம்மதம் வேண்டும் என்கிற அளவில் அது உதவும். பெயர் தெரிந்த கம்பெனிக்கு அது கடிவாளம். பெயர் தெரியாதவனுக்கு? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75வது பிரிவு, இந்தியக் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டிருந்தால் வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கும் பொருந்தும் என்கிறது. காகிதத்தில் அந்தக் கை சைபீரியா வரை நீளும். கை நீண்டு என்ன பயன், அங்கே கை கொடுக்க ஆள் வேண்டாமா?

சட்டம் இப்படித் திணறிக் கொண்டிருக்க, குப்பை உண்மையில் குறைந்தது எப்போது? 2008 நவம்பர் 11ந் தேதி. கலிபோர்னியா சான் ஹோஸேயில் மெக்கோலோ என்ற சர்வர் வாடகைக் கம்பெனி. பெரிய பாட்நெட்டுகளுக்குக் கட்டளை போனது அங்கிருந்து. வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவர் ஆதாரத்தைத் திரட்டி, மெக்கோலோவுக்கு லைன் கொடுத்த இரண்டு கம்பெனிகளிடம் காட்டினார். அவர்கள் லைனை வெட்டினார்கள். அன்றைக்கே உலகத்துக் குப்பை மெயில் பாதிக்கு மேல் விழுந்தது. கோர்ட் உத்தரவு கிடையாது, வாரண்ட் கிடையாது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு அன்று தீபாவளி. சில மாதங்களில் பழையபடி ஏறிவிட்டது என்பது வேறு விஷயம். 2011ல் இன்னொரு ஆராய்ச்சி: குப்பை மெயிலில் விற்கும் மருந்து, போலி வாட்ச், சாஃப்ட்வேர் ஆகியவற்றில் 95 சதவிகிதத்துக்கான பணம் விரல் விட்டு எண்ணக் கூடிய சில பேங்குகள் வழியாகத்தான் போகிறது என்று கண்டுபிடித்தார்கள். பிராண்டு முதலாளிகள் கார்டு கம்பெனிகளிடம் புகார் கொடுக்க, அந்தக் கணக்குகள் மூடப்பட்டன. 2024 பிப்ரவரி முதல், தங்கள் பயனாளிகளுக்கு மெயிலை மொத்தமாக அனுப்புகிறவர்கள் முகவரியை நிரூபிக்க வேண்டும், நிறுத்த ஒரே பட்டன் வைக்க வேண்டும் என்று கூகுளும் யாகூவும் சொல்லிவிட்டன. இருபது வருஷமாகச் சட்டங்கள் கெஞ்சியதை இரண்டு கம்பெனிகள் ஒரு அறிவிப்பில் செய்ய வைத்தன.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில்தான் எனக்குப் பயமும். கரூரில் ஒரு வாடிக்கையாளர், ஜன்னல் திரை, மேஜை விரிப்பு ஏற்றுமதி செய்கிறவர். என்னைவிட மூத்தவர், 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். அவர் மெயில் போன சர்வரில் அடுத்த அறைக்காரன் எவனோ குப்பை அனுப்பியிருக்கிறான். ஒரு பெரிய வெளிநாட்டு மெயில் கம்பெனி அந்த முகவரியையே மூடிவிட்டது. ஜெர்மனி பையருக்கு அனுப்பிய கொட்டேஷன் ஒன்பது நாள் போகவில்லை. மனு போட்டோம். மனுவுக்கு மெஷின் பதில் அனுப்பியது, 'உங்கள் முகவரி நிபந்தனைக்கு உட்படவில்லை' என்று. எந்த நிபந்தனை? சொல்லவில்லை. பேச ஆள் இல்லை. "தம்பி, கோர்ட்னா வாய்தாவாச்சும் கொடுப்பான், இவன் யாருப்பா?" என்று அண்ணன் கேட்டார். ஆர்டர் துருக்கிக்குப் போய்விட்டது. நாலு தறி ஒரு மாதம் நின்றது.

எனவே சட்டம் உதவாது, எல்லாம் கம்பெனிகள் பார்த்துக் கொள்ளும் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப் போவதில்லை. 66ஏ மாதிரி இன்னொன்று வேண்டும் என்பவர்களோடும் இல்லை. எனக்குத் தோன்றுவது சின்னச் சட்டம். வியாபார மெயிலுக்கு மட்டும். கருத்துக்கு, கிண்டலுக்கு, அரசியலுக்கு இல்லை. அனுப்புநர் முகவரியைப் பொய்யாக்குவது, அடுத்தவர் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்புவது, நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதது, இந்த மூன்றும்தான் குற்றம். ஜெயில் வேண்டாம், நியூசிலாந்து மாதிரி அபராதம் போதும். யாருக்காக அனுப்பப்பட்டதோ, அந்தச் சரக்கின் சொந்தக்காரரும் பொறுப்பு. தவறாகத் தடுக்கப்பட்டவர் முறையிட ஒரு மேஜை. முக்கியமாக, வெளிநாட்டு அதிகாரி கேட்டால் லாக்கை அழியாமல் நிறுத்தி வைக்கவும் ஃபைலைப் பகிரவும் அதிகாரம் உள்ள ஒரே ஓர் அலுவலகம். 2004ல் லண்டனில் தொடங்கிய இத்தகைய அதிகாரிகளின் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, 2016 முதல் யூ.சி.இ.நெட் என்று பெயர். அதில் உட்கார்ந்து போனை எடுக்க நம் பக்கம் முழு நேரமும் ஓர் ஆள் வேண்டும். அடுத்த ஹெர்பல் கிங் பார்சல் நம் ஊர் கூரியர் ஆபீஸில் கட்டப்படும்போது, வெலிங்டனிலிருந்து ஒருவர் போன் செய்தால், 'ராங் நம்பர்' என்று சொல்லாத ஆள்.

உலகம் முழுவதற்கும் ஒரே சட்டம் வரட்டும் என்று காத்திருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 2001ல் புடாபெஸ்டில் கணினிக் குற்றங்களுக்கு ஓர் உடன்படிக்கை உருவானது. நாம் அதில் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தாலும், குப்பை மெயில் அனுப்புவதை மட்டும் தனிக் குற்றமாக அதில் சேர்க்கவில்லை.

தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே உங்களில் யாரிடமாவது ஒரு மேனேஜர், "வெப்சைட்டுகளிலிருந்து ஒரு லட்சம் மெயில் அட்ரஸ் உருவிக் கொடு, சின்ன ஸ்கிரிப்ட்தானே" என்பார். அந்த ஒரு லட்சத்தில் ஜெர்மனி முகவரியும் இருக்கும், கனடா முகவரியும் இருக்கும். எந்த நாட்டுச் சட்டம் என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு அந்த வேலை நின்றுவிடும்.

கடைசியாக நம் சங்கத்து விஷயம். இந்த மலரின் பின்பகுதியில் எல்லா பேட்ச் உறுப்பினர்களின் முகவரிப் பட்டியல் வருகிறது. மெயில் முகவரியை அச்சில் போடுவதா என்று கமிட்டியில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்ததாம். இந்த முறை பதிவுப் படிவத்தில், 'என் மெயில் முகவரியை வெளியிடலாம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிக் செய்தவர்களுடையது மட்டும் வரும். டிக் செய்யாத 1994 பேட்ச் அண்ணன் ஒருவர், "அப்ப என்னை யாரு எப்படிப்பா கண்டுபிடிப்பாங்க?" என்று காலையிலிருந்து சண்டை போட்டுக் கொண்டிருக்கிறார். அவருடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள், அவரைக் கேட்டுவிட்டு, பந்தியில் என்னிடம் வாங்கிக் கொள்ளலாம்.